பிளேமேக்கர் லட்சணம்

மாப்ள, உங்க பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டது ரொம்பச் சரி. ஒருத்தன் டி புருய்னேங்கிறான், இன்னொருத்தன் மோட்ரிச்சுங்கிறான், மூணாவது ஆளு புருனோ பெர்னாண்டஸ் பேரைச் சொல்லிட்டு அடி வாங்காத குறையா ஓரமா உக்காந்திருக்கான். இதுல பாதிப் பேருக்கு இடது காலால பந்தைத் தொட்டா சுளுக்கிக்கும். இருந்தா என்ன? விவாதம் பண்ண வாய் போதும், காலு எதுக்கு?

முதல்ல சுலபமான வழியைச் சொல்லிடுறேன். எவன் நிஜமான பிளேமேக்கர்னு சண்டை போட்டு ஜெயிக்கணும்னா, ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாப் பாத்துடாத. கெட்டுப்போவ. போன்ல மூணு நிமிஷ வீடியோ கிடைக்கும், பின்னால தடதடன்னு பாட்டு அடிக்கும், அதைப் பாரு. அதுல அவன் போட்ட ஒரு பாஸ்கூடத் தப்பாப் போகாது. தப்பாப் போனதையெல்லாம் வெட்டி எறிஞ்ச புண்ணியவான் அப்படி. அடுத்து தலைமுடியைப் பாரு. கொலம்பியாக்காரன் வால்டெர்ராமாவுக்கு மஞ்சச் சுருட்டை முடி, இத்தாலிக்காரன் பிர்லோவுக்கு முனிவர் தாடி. முடி வாகா அமைஞ்சிட்டா பாதிப் பிளேமேக்கர் ஆயாச்சு. மிச்சப் பாதிக்கு அசிஸ்ட் கணக்கு இருக்கவே இருக்கு.

அசிஸ்ட்டுன்னா என்னன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாத்திருக்கியா மாப்ள? கோலுக்கு முந்தின கடைசி பாஸ். அம்புட்டுதான். பக்கத்துல நிக்கிறவன் காலுக்கு ரெண்டடி தள்ளி உருட்டிவிட்டேன், அவன் நாலு பேரை ஏச்சிட்டு இருபத்தஞ்சு கஜத்துல இருந்து வெளுத்தான்னு வை, எனக்கு ஒரு அசிஸ்ட். நீ அஞ்சு டிஃபெண்டரைத் தாண்டிப் பந்தைக் கடத்தி ஒருத்தன்கிட்ட குடுக்கிற, அவன் லேசாத் திருப்பிவிட, இன்னொருத்தன் கோல் அடிக்கிறான். உனக்கு பூஜ்யம், திருப்பிவிட்டவனுக்கு அசிஸ்ட். அமெரிக்காக்காரன் லீக்குல கொஞ்சம் தாராளம், அதுக்கு முந்தின பாஸையும் அசிஸ்ட்டாச் சேத்துக்குவான். அந்தக் கணக்குலதான் வால்டெர்ராமா 2000-ல, முப்பத்தெட்டு வயசுல, ஒரே சீசன்ல 26 அசிஸ்ட் போட்டான். மனுசன் ஒருத்தன்தான், ஆட்டமும் ஒண்ணுதான். கணக்குப்பிள்ளை மாறினா தொகை மாறிப்போகுது பாத்தியா?

இதுக்கு நேர்மாறா மோட்ரிச்சை எடுத்துக்க. 2018-ல பலோன் தோர் வாங்கினான். பத்து வருஷமா மெஸ்ஸியும் ரொனால்டோவும் மாத்தி மாத்தி வீட்டுக்குக் கொண்டுபோன பரிசு அது. அந்த சீசன்ல ரியல் மாட்ரிட்டுக்கு அவன் அடிச்ச கோலை எண்ண ஒரு கை விரலே மிச்சம். ஆனா சின்ன நாடான குரோஷியாவை உலகக் கோப்பை ஃபைனல் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். உன் எக்ஸெல் ஷீட்டுல இதை எந்தக் கட்டத்துல போடுவ?

நம்ம வீட்டுக் கல்யாணப் பந்தியைப் பாத்திருக்கேல்ல? சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடுற பயலுகளைத்தான் எல்லாரும் மெச்சுவாக. ஓரத்துல தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு ஒரு பெரிய மனுசன் நிப்பாரு, பந்தி விசாரிக்கிறவரு. வாளியைக் கையால தொடமாட்டாரு. ஆனா கடைசி எலைக்காரன் சோத்துல குழி பறிக்கிறதுக்கு முன்னாடியே ரசம் அங்க போய் நிக்கும். “இங்க போதும், அந்தாண்ட போ”ம்பாரு, “அவசரப்படாத, இன்னும் கூட்டு முடியல”ம்பாரு. அவர் இல்லாத பந்தியில முதல் எலைக்கு மூணு தடவை பாயாசம் வரும், கடைசி எலைக்கு அப்பளம்கூட வராது. பிளேமேக்கருங்கிறது அந்த உத்தியோகம் மாப்ள. டி புருய்னே வாளி தூக்குறதுல சூரன். 2019-20-ல இங்கிலாந்து லீக்குல 20 அசிஸ்ட் போட்டு, ஆன்றி வச்சிருந்த சாதனையைத் தொட்டான். அவன் வலதுபக்கம் நின்னு வளைச்சு அனுப்புற பந்துக்கு நான் அடிமை. ஆனா பந்தி விசாரிக்கிறது வேற சோலி.

அந்தச் சோலிக்கு மூலதனம் கழுத்து. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். ஷாவியோட பழைய ஆட்டத்தைப் போட்டு, பந்தை மறந்துட்டு அவன் தலையை மட்டும் பாரு. பந்து வர்றதுக்கு முன்னாடி இடதுபக்கம் ஒரு பார்வை, வலதுபக்கம் ஒரு பார்வை, முதுகுக்குப் பின்னால ஒரு பார்வை. நாள் பூரா இடம் தேடுறதுதான் என் பொழப்புன்னு அவனே பேட்டியில சொல்லியிருக்கான். நார்வேயில கெயிர் யோர்டெட்டுன்னு ஒரு பேராசிரியர், இதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினாரு. பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னாடி எவன் அதிகமாத் தலையைத் திருப்பிப் பாக்குறானோ, அவன் பாஸ் அதிகமாச் சரியாப் போகுதுன்னு எண்ணிக் காட்டினாரு. நீங்க ஒரு தெருவைத் தாண்டுறதுக்கே போன்ல இருந்து தலையைத் தூக்கமாட்டீக; உங்களுக்கு இது புதுசாத்தான் இருக்கும்.

2009 மே 2-ம் தேதி, மாட்ரிட்டோட சொந்த மைதானத்துலயே பார்சிலோனா ஆறுக்கு ரெண்டுன்னு அடிச்சுத் துவைச்சது. அன்னைக்கு கோச் குவார்டியோலா மெஸ்ஸியை நடுமுன்னால நிறுத்தி, அங்கேருந்து பின்னால இறங்கி வரச் சொல்லிட்டான். மாட்ரிட் டிஃபெண்டருக ரெண்டு பேருக்கும் திண்டாட்டம்: பின்னாலயே போனா முதுகுப்பக்கம் வாசல் தொறந்து கிடக்கும், போகாட்டி மெஸ்ஸி தனியா நிப்பான். அந்தக் குழப்பத்துக்குள்ள பந்தைக் கொண்டுபோய்ச் சேத்தவன் ஷாவி. அன்னைக்கு நாலு கோலு அவன் கால்வழியாத்தான் போச்சு. மெஸ்ஸி இறங்கினது எல்லாருக்கும் தெரிஞ்சுது. எந்த நொடியில அவனுக்குப் பந்து வேணும்கிறது ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சுது.

சரி, பிர்லோ கதைக்கு வர்றேன். தாடிக்காக அவனைப் பிடிக்கும்னு சொல்றவன் இதைக் கேட்டுக்கோ. அவன் முதல்ல மேல ஆடின ஆளு, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால நிக்கிற பத்தாம் நம்பர். 2001-ல பிரெஷ்சியா கிளப்புக்கு கடனா வந்தான். அங்க அந்த இடத்துல ஏற்கெனவே ராபர்ட்டோ பாஜியோ நிக்கிறான். பாஜியோவை எந்திரிக்கச் சொல்ல எவனுக்குத் தைரியம்? கோச் கார்லோ மட்ஸோனே இந்தப் பயலைப் பிடிச்சு டிஃபெண்டருக முன்னால, கீழ கொண்டுபோய் நிறுத்திட்டாரு. இளைஞன்னா கோவிச்சுக்கணும். இவனுக்கு யோகம் அடிச்சிருச்சு. மேல நின்னா முதுகுல ஒருத்தன் ஒட்டிக்கிட்டே கிடப்பான், திரும்பவே இடம் இருக்காது. கீழ நின்னா மைதானம் மொத்தமும் மூஞ்சிக்கு நேரா விரிஞ்சு கிடக்கும். பொறவு மிலான்ல அன்செலோட்டி அதையே நிரந்தரமாக்கினாரு. இன்னைக்கு ரோட்ரி நிக்கிற இடத்தைக் காட்டி, “அங்க நிக்கிறவன் எப்படி பிளேமேக்கர் ஆவான்?”னு கேட்டியே, அது அன்னைக்கே முடிஞ்ச வழக்கு மாப்ள. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால இருந்த காலியிடத்துல ரெண்டு ரெண்டு தடுப்பு மிட்ஃபீல்டரைக் கொண்டாந்து நிறுத்தினாக. அறிவாளிக பேசாம பின்னால நடந்து போயிட்டாக. இப்ப கோல்கீப்பரே நடுக்களத்துக்கு நேராப் பாஸ் போடுறான். விட்டா கொடி பிடிக்கிற லைன்ஸ்மேனும் பிளேமேக்கர்தாம்பீக.

2006 உலகக் கோப்பை செமி ஃபைனல், டார்ட்முண்ட் மைதானம், இத்தாலிக்கு எதிரா ஜெர்மனி. கூடுதல் நேரத்துல 119-வது நிமிஷம், இன்னும் கோலே விழல. கார்னர் பந்து தெறிச்சு பெட்டிக்கு வெளியே நின்ன பிர்லோகிட்ட வருது. நீயா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு உதைச்சிருப்ப, பந்து கேலரியில போய் உக்காந்திருக்கும். அவன் உதைக்கல. வலதுபக்கமா நகந்துக்கிட்டே போனான். உதைக்கப் போறான், உதைக்கப் போறான்னு ஜெர்மன்காரன் ஒவ்வொருத்தனா அவனை நோக்கி வந்தான். வரட்டும்னு காத்திருந்தான். அப்புறம் ஒரு பக்கம் பாத்துக்கிட்டு, பாக்காத பக்கம் பந்தைத் தள்ளிவிட்டான். அங்க குரோஸோ. இடது காலால முதல் உதையிலேயே கோல். குரோஸோ தலையை ஆட்டிக்கிட்டே ஓடின ஓட்டத்தை உலகமே பாத்துச்சு. நான் அந்தக் காத்திருப்பைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குறேன். கண்ணு முழி பிதுங்குற நேரத்துல ஒரு மனுசன் ரெண்டு செகண்டைப் பறிச்சு அடுத்தவனுக்குக் குடுத்தான் பாரு, அதுக்கு உன் கணக்குல கட்டமே கிடையாது.

அதே உலகக் கோப்பையில எனக்கு ஒரு வயித்தெரிச்சலும் உண்டு, சொல்லிடுறேன். அர்ஜென்டினாவுக்கு ரிகெல்மே. அவன் ஓடினதை யாரும் அதிகம் பாத்ததில்ல, அதனாலேயே கிழவங்களுக்கு அவனைப் பிடிக்கும். முன்னாடி பார்சிலோனாவுல வான் கால் இவனை ஓரத்துல ஆடச் சொன்னாரு. அப்படி வச்சா ஓரத்துல ஓடுற ஆளு ஒருத்தன் கிடைப்பான், ரிகெல்மே கிடைக்கமாட்டான். 2006 குவார்ட்டர் ஃபைனல்ல ஜெர்மனிக்கு எதிரா அவன் போட்ட கார்னர்லதான் அயாலா தலையால முட்டி ஒண்ணுக்கு பூஜ்யம். 72-வது நிமிஷம் கோச் பெக்கர்மேன் அவனை வெளியே கூப்பிட்டு, காம்பியாஸோவை இறக்கினாரு. காவல் போடுறாராம்! 80-ல குளோஸே சமன் பண்ணினான். பெனால்டியில அர்ஜென்டினா மூட்டை கட்டிருச்சு. பெஞ்சுல பத்தொம்பது வயசு மெஸ்ஸி இறங்காமலே உக்காந்திருந்தான். ஒரு கோல் முன்னால இருக்கும்போது பந்தைத் தன்கிட்டயே வச்சிருக்கத் தெரிஞ்ச ஒரே ஆளை வெளியே அனுப்பிட்டு, காவல் போட்டேன்னு சொன்னா நான் என்னத்தச் சொல்ல?

மரடோனா பேரை நீங்க யாரும் எடுக்கல, ஏன்? கோல் அடிக்கிறவன், இந்தப் பட்டியல்ல வராதும்பீக. தூர்தர்ஷன்ல 86-ம் வருஷ ஃபைனலைப் பாத்த கண்ணு இது. மேற்கு ஜெர்மனிக்கு எதிரா ரெண்டுக்கு பூஜ்யம்னு இருந்தது ரெண்டுக்கு ரெண்டுன்னு ஆயிருச்சு. ஜெர்மன்காரனுக மத்தேயுஸைக் காவலுக்குப் போட்டிருந்தாக, மரடோனா அந்த ஃபைனல்ல ஒரு கோல்கூட அடிக்கல. ஆனா 84-வது நிமிஷ வாக்குல சுத்தி ஜெர்மன்காரனுக, பந்து அந்தரத்துல. ஒரே தொடுதல்ல புருச்சாகாவை ஓடவிட்டான். கோப்பை கைக்கு வந்துருச்சு.

பாஸே போடாம ஒருத்தன் பிளேமேக்கர் ஆனதும் உண்டு. 1958 ஃபைனல், சுவீடன் நாட்டுல சுவீடனுக்கு எதிராவே பிரேசில். நாலாவது நிமிஷமே சுவீடன் கோல் போட்டிருச்சு. பிரேசில் டீமுல பதினேழு வயசு பெலேவும் இருக்கான். டிடின்னு ஒரு மிட்ஃபீல்டர் பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, கோல்கிட்ட இருந்து நடு வட்டம் வரைக்கும் நடந்தான். ஓடல, நடந்தான். கூட இருந்தவனுக பதறினானுக; அவன் நடையை மாத்தல. ஆட்டம் அஞ்சுக்கு ரெண்டுன்னு பிரேசில் பக்கம் முடிஞ்சுது. அந்தப் போட்டியோட சிறந்த ஆட்டக்காரன் டிடிதான்.

அதனால அடுத்த ஆட்டத்துல இதைப் பண்ணிப் பாரு. டி.வி. சத்தத்தை அமுக்கிடு, வர்ணனைக்காரரு கோல் விழுந்தாத்தான் கத்துவாரு, நமக்கு வேண்டியது அதுக்கு முந்தின சங்கதி. உன் ஆளு ஒரு கோல் பின்தங்கி, பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போது என்ன பண்றான்னு கவனி. பந்தை வானத்துக்குத் தூக்கி அடிச்சுட்டு சாமியைக் கும்பிடுறானா, இல்ல ஒரு எட்டு பின்னால உருட்டி எல்லாரையும் மூச்சு வாங்கவிடுறானா? அவன்கிட்ட பந்து வாங்கினவன் திரும்பி நிக்கிறானா, திணறி நிக்கிறானா?

தீர்ப்பைக் கேட்டீல்ல, எழுதிக்கோ. முதல்ல ஷாவி, அடுத்து பிர்லோ. ரிகெல்மே மேல எனக்குப் பாசம், பாசத்துக்கு மார்க் கிடையாது. மோட்ரிச் சொன்னவன் தப்பிச்சான். டி புருய்னே சொன்னவன் டீக்காசு குடுக்கட்டும். புருனோ சொன்னவன் வடைக்கும் சேத்துக் குடுக்கட்டும்.