ஊற்றிக் கொடுத்தவரும் ஓட்டிப் போனவரும் வாழ்க

குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கும் அண்ணாச்சி, உம் தாராளத்துக்கு ஈடில்லை. அன்னதானம் செய்பவர் ஒரு வேளைச் சோறுதான் போடுவார். நீரோ ஒரு குடும்பத்துக்கே பல வருடத்துக்கு வேலை கொடுத்துவிடுகிறீர். போலீஸ் ஸ்டேஷன், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, கடைசியில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். கோர்ட் வாசலையே மிதித்திராத பெண்ணுக்கு வாய்தா என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்த ஆசான் நீர்தான்.

உம் ஓட்டமும் புகழத் தக்கது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அடித்துப் போட்டுவிட்டு இரவோடு இரவாக மறைந்து, நன்றாகத் தெளிந்த பிறகு வக்கீலோடு வந்து நிற்கும் உம்மை எந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்? ஓட முடியாதவர்களுக்கும் கைகொடுக்க ஆள் உண்டு. 2024 மே மாதம் புனேயில் இரண்டு இளம் பொறியாளர்கள் கார் மோதிச் செத்த வழக்கில், ரத்த மாதிரியையே மாற்றியதாக அரசு மருத்துவர்கள் கைதானார்கள். நீர் கடைசிவரை பிடிபடவே இல்லையென்றால் இன்னும் சிறப்பு. செத்தவர் வீட்டுக்கு 2 லட்சம், படுகாயம் பட்டவருக்கு 50,000 என்று அதற்கென இருக்கும் நிதியிலிருந்து கொடுத்து முடித்துவிடுவார்கள். உம் சட்டைப் பையை யாரும் தொடமாட்டார்கள்.

சட்டத்தின் கணக்கறிவு அதைவிடப் பெரிது. முப்பது வயதில், சொந்தத் தொழிலில் மாதம் 20,000 சம்பாதித்தவர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுப் போனார் என்று வையுங்கள். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, பன்னிரண்டு மாதத்தால் பெருக்கி, வயதுக்கு உரிய 17-ஆலும் பெருக்கினால் 38,08,000 ரூபாய். ஈமச் செலவுக்கு எவ்வளவு என்றுகூட 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: 15,000, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பத்து சதவீத உயர்வோடு. பாடைச் செலவுவரை எண்ணத் தெரிந்த இந்தக் கணக்கில், ஊற்றிக் கொடுத்தவர் தர வேண்டிய பங்கு என்று ஒரு வரி கிடையாது.

ஊற்றிக் கொடுப்பது யார்? 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறைக் கடை நடத்துவது அரசின் டாஸ்மாக். ஆண்டு வருமானம் 45,000 கோடியைத் தொட்டுக் கடந்தது. அந்த அரசின் கருணையை வாயாரப் புகழ வேண்டும். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து விலங்குகளின் காலைக் கிழிக்கிறதென்று, நீலகிரியில் தொடங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று திட்டம் போட்டது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். பாட்டிலுக்கு விற்ற பின்னும் பொறுப்பு உண்டென்று ஒப்புக்கொண்ட அரசு, அதைக் குடித்தவன் உடைத்த மனிதக் காலுக்கு மட்டும் ஒரு பைசா பொறுப்பேற்பதில்லை. கடை வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகள் தாமாகவா வீடு போய்ச் சேரும்? நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாதென்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, சாலையின் பெயரையே மாற்றிக் கடையைக் காப்பாற்றப் பார்த்த மாநிலங்களின் மூளையையும் சேர்த்து வாழ்த்துவோம்.

விற்ற காசில் ஒரு பங்கை இறந்தவர் வீட்டுக்கு எடுத்து வைக்கட்டும். அதன்பின் நானே மாலை போடுகிறேன்.

அதுவரை, பறிகொடுத்து நிற்கும் வீட்டாரே, மனுப்போட 2019 திருத்தம் வைத்த கெடு ஆறே மாதம். காரியம் முடிந்த கையோடு வக்கீலைப் பாருங்கள். ஓட்டியவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். குடித்திருந்ததால் பணம் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் திரும்பிவிடாதீர்கள். முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று கம்பெனிக்கு உத்தரவிட்ட தீர்ப்புகள் உண்டு.