சுண்டெலி மகாத்மியம்

எங்கள் பாட்டிக்கு எலும்புத் தேய்மானம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரவாங் டவுன் கிளினிக்கில் மேல்கையில் ஓர் ஊசி: டெனோசுமாப், 60 மில்லிகிராம். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து, குளிர் விட்டபிறகுதான் போடுவார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பாட்டி கேட்டார், “இத எதுலடா செய்யுறானுங்க?” “எலியில பாட்டி” என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பாட்டி கவிச்சியை வாயால்கூடச் சொல்லாத நாள்.

சமாதானப்படுத்த ஏதாவது கிடைக்குமா என்று இந்தக் கதையைத் தோண்டினேன். மலையைக் கல்லி எலியைப் பிடித்தவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர்கள் எலியைக் கல்லி மலையையே பிடித்தவர்கள்.

1974, கிறிஸ்துமஸ் சமயம், கேம்பிரிட்ஜ். ஜார்ஜஸ் கோலர் என்ற 28 வயது ஜெர்மானியர், சீசர் மில்ஸ்டீனின் லேபில் ஒரு கல்யாணம் செய்துவைத்திருந்தார். மாப்பிள்ளை, எலியின் ஆன்டிபாடி சுரக்கும் செல். வேலை தெரியும், ஆயுசு கம்மி. பெண், எலியின் கேன்சர் செல். சாகாமல் இருப்பது ஒன்றுதான் தெரியும். ரிசல்ட் பார்க்க ஜன்னலே இல்லாத பேஸ்மென்டுக்குப் போகவேண்டும். கோலர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். விஞ்ஞான ஆர்வமா? சேச்சே. புட்டுக்கொண்டால் ஆறுதல் சொல்ல ஆள் வேண்டுமே! தட்டுகளில் வட்டம் வட்டமாக ஒளிவளையம் தெரிந்தது: பிறந்த பிள்ளை ஆன்டிபாடி சுரக்கிறது, சாகவும் இல்லை. கத்தினார், மனைவிக்கு முத்தம் கொடுத்தார். 1984-ல் நோபல் பரிசும் வந்தது.

பேடண்ட்? அதைக் கவனிக்கவேண்டிய பிரிட்டிஷ் அரசு அமைப்பு, இதனால் உடனடிப் பிரயோஜனம் எதுவும் தெரியவில்லை என்று கடிதம் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. பிற்பாடு உலகத்து மருந்துக் கம்பெனிகள் பாதி அந்தப் பிரயோஜனமின்மையில்தான் வீடு கட்டின.

ஆனால் ஒரு சிக்கல். அந்த ஆன்டிபாடி அசல் எலிச் சரக்கு. 1986-ல் கிட்னி மாற்றியவர்களுக்கு அதை மருந்தாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் உடம்பு தாமான் வாசல் ஜாகா மாதிரி. ஐசி கேட்டது. “ஓஹோ, நீ எலி வீட்டு ஆளா?” என்று அந்த ஆன்டிபாடிக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்தது. வைத்தியனுக்கே வைத்தியம்!

மனிதனைத் திருத்த முடியாது, எலியைத் திருத்தலாம் என்று முடிவானது. எலிக்கு மனித ஐசி எடுத்துக் கொடுப்பது. சொல்வது சுலபம். ஆன்டிபாடி மரபணு என்பது நாசி கண்டார் கடை. ‘வி’ என்ற வரிசையில் சுமார் 40 ஐட்டம், ‘டி’யில் இருபத்துச் சொச்சம், ‘ஜே’யில் 6. ஒவ்வொரு செல்லும் தட்டை நீட்டி ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிக்கொள்ளும், தட்டுக்குத் தட்டு ருசி வேறு. அந்தக் கடையை, பத்து லட்சம் எழுத்துக்கு மேல் நீளமுள்ள கடையை, எலியின் கருவுக்குள் கொண்டுபோய்த் திறக்கவேண்டும். எலியின் சொந்தக் கடைக்கும் பூட்டுப் போடவேண்டும். 1989-ல் மரியான் புரூகெமான் குழுவினர் முதலில் ஒரு சின்ன ஒட்டுக்கடை போட்டுப் பார்த்தார்கள். வியாபாரம் நடந்தது.

1994-ல் கலிபோர்னியாவின் இரண்டு கம்பெனிகள் சில வார இடைவெளியில் “எங்க எலியைப் பார்” என்று கட்டுரை வெளியிட்டன. ஜென்பார்ம் எலி ‘ஹியூமேப் மவுஸ்’. செல் ஜெனிசிஸ் எலி ‘ஜீனோமவுஸ்’. அதே வருஷம், ‘எங்கள் ரகசியத்தைத் திருடிவிட்டார்கள்’ என்று செல் ஜெனிசிஸ் கேஸ் போட்டது. பசார் மாலாமில் அடுத்தடுத்த இரண்டு அப்பம் பாலிக் கடையும் ‘ஒரிஜினல்’ போர்டு மாட்டுமே, அதேதான். இந்த ‘நான்தான் முதல்’ வியாதி எனக்குப் புரியும். நான் ரவாங்காரன். லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் 1894-ல் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் வைத்ததால் மலாயாவின் முதல் கரண்ட் எங்கள் ஊருக்குத்தான் வந்தது என்று, லைட் அணைந்த இருட்டிலும் பீற்றிக்கொள்வோம்.

1997-ல் இருவரும் ராஜியானார்கள். பிறகு ஜீனோமவுஸ் வம்சத்தை ஆம்ஜென் 220 கோடி டாலருக்கும், ஹியூமேப் வம்சத்தைப் பிரிஸ்டல் மையர்ஸ் 240 கோடிக்கும் வாங்கின. எங்கள் வீட்டில் எலிப்பொறி ஐந்து ரிங்கிட்.

மருந்துகளுக்குள் சாதியும் இருந்தது தெரியுமா? பெயர் ‘ஓமாப்’ என்று முடிந்தால் சுத்த எலி. ‘சிமாப்’ பாதி எலி. ‘ஜுமாப்’ திருந்திய எலி. ‘உமாப்’ என்றால் முழு மனிதன், மேல்குடி. டெனோசுமாப் இந்த மேல்குடி. 2017-ல் உலகச் சுகாதார நிறுவனம், புது மருந்துகள் இனிச் சாதிப் பெயர் போடவேண்டாம் என்றது. எலிக்காவது நடந்ததே!

2020 ஜூன். ஊரே முகமூடியோடு அலைகிறது. லண்டன் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள், எலிக்குள் எவ்வளவு மனிதன் என்ற வழக்கில் தீர்ப்பு சொல்கிறார்கள். ரீஜெனரான் கம்பெனி, கொஞ்சம் மனிதனான எலியிலிருந்து ரொம்ப மனிதனான எலிவரைக்கும் மொத்தத்துக்கும் பேடண்ட் வாங்கியிருந்தது. மனுப் போட்ட 2001-ல் அத்தனையையும் செய்யும் வழி அதில் இல்லையே என்று 4-க்கு 1 கணக்கில் ரத்து. அக்டோபரில் அதே கம்பெனியின் கோவிட் மருந்து 8 கிராம் டிரம்ப் உடம்பில் ஏறியது. இரண்டு ஆன்டிபாடி கலந்த மருந்து, அதில் ஒன்று எலி தந்தது. டிரம்ப் வீடியோ போட்டுக் கம்பெனியைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். எலியை மறந்துவிட்டார்.

இதையெல்லாம் பாட்டியிடம் ஒப்பித்தேன். “இப்ப எலி இல்ல பாட்டி. ஒருதடவ எலிகிட்ட மரபணுவ வாங்கிட்டாங்க, இப்ப சீன ஹாம்ஸ்டர் செல்லுல வளக்குறாங்க.”

“அதுவும் எலிதானடா?”

மழுப்பினேன்.

“சரி, அந்த மொத எலிக்குக் கை கால் எலும்பு தேஞ்சா இதே ஊசியப் போடுவாங்களா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. டெனோசுமாப் மனிதனின் புரதத்தைத்தான் பிடிக்கும், எலியின் புரதத்தைத் தொடாது. “எலிக்கு இது வேலை செய்யாது பாட்டி.”

பாட்டி பிளாஸ்டரை உரித்துக் குப்பையில் போட்டார். “நாங்களும் முப்பது வருஷம் பால் வெட்டுனோம். டயரா போச்சு. எங்க லயத்துல ஒருத்தன்கிட்ட காரு இருந்துச்சா?”

பிறகு, அடுத்த ஊசி எந்த மாசம் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாமாம்.