கிளிநொச்சியில் சுடுதண்ணித் தொட்டி வைப்போர் கவனத்துக்கு

ஸ்காபரோவிலிருந்து வந்து நிற்கும் சித்தப்பா முற்றத்தில் சுடுதண்ணித் தொட்டி வேண்டும் என்று கேட்டால் மறுக்காதீர்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் மேல்தாங்கிக் குழாயைத் திறந்தாலே கை சுடுகிறதே, கன்னியாவில் ஏழு கிணறும் சும்மா சூடாகக் கிடக்கிறதே என்றெல்லாம் நியாயம் பேசுவது குடும்ப ஒற்றுமைக்கு நல்லதல்ல. அவருக்கு வேண்டியது குமிழி விடும் தொட்டியும் சுற்றிவரச் சோடனை லைற்றும். கனடாவில் இதற்கு அனுமதி எடுத்து, சோதனைக்கு ஆள் கூப்பிட்டிருப்பார். அந்தப் பழக்கங்களைக் கட்டுநாயக்காவிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் வருவார். ஆகவே தொடங்குவோம்.

இடம்: கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயருக்கு நேர் கீழே. காற்றுக்கு அறுந்தால் நேரே தண்ணிக்குள்ளேயே விழும், தேடித் திரியத் தேவையில்லை.

கறண்ட்டுக்குத் தனி வயர் இழுப்பது வீண் செலவு. கிணற்று மோட்டருக்குப் போன வயரைச் சுரண்டி, ஒரு கிளை முறுக்கி, டேப் சுற்றி, மழைக்குப் பாதுகாப்பாக ஒரு சொப்பிங் பையையும் கட்டிவிடுங்கள். இந்தக் கைவேலையைப் பழிக்க ஏலாது. பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தலில் விளக்குச் செய்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். கார் பற்றரி வயரை வெறுங்கையால் முறுக்கினாலும் ஒன்றும் ஆகாது, அது 12 வோல்ற். கம்பத்திலிருந்து வருவது 230. கைக்கு இந்த வித்தியாசம் இன்னும் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், தொட்டித் தண்ணிக்குள் வைக்கிற லைற்றுக்கு வெளிநாட்டு ஒழுங்குவிதிகளும் அதே 12 வோல்ற்றைத்தான் கேட்கின்றன. அதற்கான ட்ரான்ஸ்போமர் தொட்டியிலிருந்து தள்ளி, உலர்ந்த இடத்தில் இருக்கவேண்டுமாம். இதைச் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், 230 வோல்ற் பல்ப்பையே தொட்டி விளிம்பில் தொங்கவிடுங்கள். வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கு எரியவில்லையா என்று யாராவது கேட்டால் மட்டும், அது கண்ணகை அம்மாளின் காரியம், வயரிங் செய்கிற தம்பியின் காரியமல்ல என்று சொல்லுங்கள்.

அடுத்தது எர்த். பச்சை மஞ்சள் வயரை எங்கே கொழுவுவது என்று மண்டையைப் போட்டு உடைக்காமல் நறுக்கி விடுவதே சுகம். கொழுவித்தான் ஆகவேண்டுமென்றால், சோளகம் அடித்து நிலம் வெடித்துக் கிடக்கிற ஆடி மாதத்தில் இரண்டு முழக் கம்பியை அடியுங்கள். காய்ந்த மண் கறண்ட்டை லேசில் உள்ளே விடாது. அந்தக் கம்பியின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரில் ஒழுக்கு வந்தால் நிலத்துக்குள் போவது 230ஐ 100ஆல் பிரித்தால் வருகிற 2.3 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் இதைக் கணக்கிலேயே எடுக்காது. தொட்டியின் இரும்பில் கறண்ட் ஏறியபடியே நிற்கும். மனுச உடம்புக்குள் 10 மில்லி அம்பியர் அளவு போனாலே பிடித்த கை விடாது, நனைந்த தோல் அதற்கு வழியும் விட்டுக்கொடுக்கும்.

இந்தச் சோலிக்கெல்லாம் குறுக்கே நிற்பது ஒரு சின்னப் பெட்டி, ட்ரிப் சுவிச். போன கறண்ட்டும் திரும்பி வந்த கறண்ட்டும் 30 மில்லி அம்பியர் வித்தியாசப்பட்டால் உடனே விழுந்துவிடும். தொட்டி விலையோடு பார்த்தால் அதன் விலை கச்சான் காசு. ஆனால் மாரி மழைக்குள் அடிக்கடி விழுந்து சீரியலைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றி டிரெக்ட்டாகக் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து நாகரிகம். ஏன் விழுகிறது என்று கேட்பது மரியாதையில்லை. கழற்றாத வீட்டிலும் ரெஸ்ற் பொத்தானை யாரும் அமத்திப் பார்ப்பதில்லை.

நெடுங்கேணிப் பக்கம் என்றால் தொட்டித் தண்ணிக்கு யானை வரலாம். வேலிக்கம்பியில் மெயின் கறண்ட்டை இழுத்துவிடச் சொல்லி யோசனை தரவும் ஆள் இருக்கும். முறையான யானைவேலி விட்டுவிட்டுத்தான் அடிக்கும், யானை வெருண்டு விலகிப் போகும். மெயின் கம்பி விலகவே விடாது, யானையையும் சரி, விடியப்புறம் மாடு தேடிப் போகிறவரையும் சரி. இதில் பகிடிக்கு இடமில்லை, அது குற்றம்.

கடைசியாக மெயின் சுவிச். கண்ணுக்குத் தெரியவேண்டும், தொட்டிக்குள் இருப்பவரின் கைக்கு எட்டக்கூடாது என்பது விதி. நீங்கள் அதைப் பூட்டிய அறைக்குள் வைத்துத் திறப்பைச் சித்தியின் கைப்பையில் போடுங்கள். சித்தப்பா தொட்டிக்குள் விறைத்துப்போனால் எல்லாரும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பார்கள், இழுத்தவரும் ஒட்டிக்கொள்வார். திறப்பு கிடைத்து, சுவிச்சை நிப்பாட்டிய பிறகு அம்புலன்சுக்கு அடிக்க வேண்டிய இலக்கம் 1990. வடக்குக்கு லக்ஷபான கறண்ட் நின்றுபோன வருசம் என்று நினைவு வைத்தால் மறக்காது.