ஒரே டிக்கெட்டு கேட்ட தம்பிக்கு

ஏம்பா தம்பி, ஓசூர்ல ஏறி ஒயிட்ஃபீல்டுல இறங்கற வரைக்கும் ஒரே டிக்கெட்டா குடுன்னு பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர்கிட்ட மல்லுக்கு நின்னியாமே? நல்லா கேட்டே போ. எல்லையில இருக்கிற ஜூஜூவாடி தாண்டினா அந்தாளு பேச்சே செல்லாது, அவருகிட்ட போய் இந்தியாவையே இணைக்கச் சொல்லியிருக்கே. எனக்கு இந்த வயசுல வேற என்ன சோலி, வழி சொல்றதுதான். காசு வாங்காம சொல்ற புத்தி, அதனால நீ கேக்கமாட்டே. கேக்காட்டியும் சொல்லி வைக்கிறேன்.

மொதல்ல பொம்மசந்திராவுக்குப் போய்ச் சேரு. எப்படியாவது. அத்திப்பள்ளி டோல்கேட்டு, சந்தாபுரா நெரிசல் எல்லாம் உன் தலையெழுத்து, அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. அங்கிருந்து கிளம்புது மஞ்சள் லைனு. 2025 ஆகஸ்ட் 10-ந் தேதி பிரதமரே வந்து கொடி காட்டிட்டுப் போனாரு. ஆர்.வி. ரோடு வரைக்கும் 16 ஸ்டேஷன், 19 கிலோமீட்டரும் கொஞ்சமும். சில்க் போர்டு சிக்னல்ல பாதி வாலிபத்தைத் தொலைச்ச பசங்க, மேல ரயில்ல போறப்ப கீழ நிக்கிற காருங்களைப் பாத்துச் சிரிக்கிறாங்களாம். சிரிக்கட்டும். தொடங்கினப்ப மூணே ரயிலு, 25 நிமிஷத்துக்கு ஒண்ணு; அப்ப காருக்காரன் இவங்களைப் பாத்துச் சிரிச்சான்.

ஆர்.வி. ரோட்டுல இறங்கி பச்சை லைனுக்கு மாறு. மெஜஸ்டிக்குல அதை விட்டுட்டு ஊதா லைனுக்கு மாறு. கடைசியில ஒயிட்ஃபீல்டு. மூணு கலரு, ஒரே டிக்கெட்டு. கவுன்டர்ல டோக்கன் வாங்கினாலும் சரி, போன்ல க்யூஆர் வாங்கினாலும் சரி, கார்டைத் தேய்ச்சாலும் சரி, ஏறின ஸ்டேஷன், இறங்கற ஸ்டேஷன் ரெண்டுதான் கணக்கு. நடுவுல நீ எத்தனை படி ஏறினே, எத்தனை கலரு மாத்தினேன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான்.

ஆனா ஒண்ணு. நடுவுல கேட்டைத் தாண்டி வெளிய மட்டும் போயிடாதே. கல்யாணப் பந்தி மாதிரிதான் இதுவும்: உக்காந்த இலையில சாம்பார், ரசம், பாயசம்னு எத்தனை வாட்டி வேணா வாங்கிக்கலாம், கை கழுவிட்டு வந்து மறுபடி உக்காந்தா பொண்ணு வீட்டுக்காரன் ஒரு மாதிரி பாப்பான். நம்ம ஊரு பசங்களுக்கு ஆர்.வி. ரோடு வந்ததும் டீ ஞாபகம் வந்துடும். 2025 பிப்ரவரியில ஏத்தின கட்டணப்படி எவ்வளவு தூரம் போனாலும் உச்சம் 90 ரூபா. பொம்மசந்திராவுல இருந்து ஆர்.வி. ரோடு வரைக்கும் மட்டும்னா 60. நீ அங்க வெளிய போய் டீ குடிச்சிட்டு, மறுபடி ஒயிட்ஃபீல்டுக்கு டிக்கெட்டு எடுத்தா இன்னொரு 90. ஆக 90-ல முடியற சோலிக்கு 150. அந்த டீயோட விலை 60 ரூபா சாமி, மேல டீக்கடைக்காரனுக்குத் தனி.

அதுக்காக மெஜஸ்டிக் பிளாட்பாரத்துலயே துண்டைப் போட்டு ரீல்ஸ் பாத்துக்கிட்டு உக்காந்துடாதே. உள்ள இருக்கவும் நேரக் கணக்கு உண்டு, தாண்டினா அபராதம்.

இனிமேதான் வேடிக்கை. பொம்மசந்திரா வரைக்கும் எப்படியாவது போன்னு சொன்னேனே, அந்த எப்படியாவதுல எத்தனை டிக்கெட்டு தெரியுமா? இந்தப் பக்கம் டவுன் பஸ்ஸுல உன் சம்சாரத்துக்கு டிக்கெட்டு இலவசம். எல்லை தாண்டி கர்நாடக பஸ்ஸுல ஏறினா அங்கயும் பொம்பளைங்களுக்கு இலவசம்தான், ஆனா ஆதார் மாதிரி கர்நாடகா விலாசம் போட்ட அடையாள அட்டை வேணும். ஆதார்ல ஓசூர்னு இருந்தா "சில்லறெ கொடி"ன்னு கண்டக்டர் கை நீட்டுவாரு. பொம்மசந்திராவை விட்டுட்டு ரயில்ல போலாம்னா, ஓசூர் ஸ்டேஷன் தமிழ்நாட்டு மண்ணுல இருந்தாலும் தென்மேற்கு ரயில்வே பெங்களூரு கோட்டத்துக்குச் சொந்தம். அந்த டிக்கெட்டு பையப்பனஹள்ளியில செத்துடும். பக்கத்துலயே இருக்கிற மெட்ரோவுக்கு வேற டிக்கெட்டு.

மஞ்சள் லைனையே ஓசூருக்கு இழுத்துட்டா ஒரே டிக்கெட்டுதானேன்னு கேப்பே. கேட்டாங்களே! சென்னை மெட்ரோக்காரங்க வந்து ஆய்வு பண்ணி, வரும்னாங்க. பெங்களூரு மெட்ரோக்காரங்க 2025-ல ஒத்து வராதுன்னுட்டாங்க. காரணம் தண்ணி இல்லப்பா, இந்தத் தடவை கரண்டு. அவங்க ரயிலுக்கு தண்டவாளத்தை ஒட்டின கம்பியில 750 வோல்ட்டு டி.சி.; இவங்க கேட்டது தலைக்கு மேல கம்பி, 25,000 வோல்ட்டு ஏ.சி. ரெண்டும் ஒட்டாதாம். காவிரி வழக்குல கூட இவ்வளவு தெளிவான காரணத்தை நான் கேட்டதில்ல.

சரி, கரண்டு ஒட்டாது. டிக்கெட்டுமா ஒட்டாது? 2025 செப்டம்பர்ல சென்னையில 'சென்னை ஒன்'னு ஒரு செயலி விட்டாங்க. மாநகர பஸ்ஸு, மெட்ரோ, மின்சார ரயிலு மூணுக்கும் ஒரே க்யூஆர். பஸ்ஸு பெரும்பாலும் டீசல்ல ஓடுது, ரயிலு கரண்டுல ஓடுது. மாநில சர்க்காரு ஒண்ணு, மத்திய சர்க்காரு ஒண்ணு. இவங்க கூடி ஒரு சீட்டு குடுக்கலையா? மாறிப் போறவன் நாலு எட்டு நடப்பான், வோல்ட்டு அவனை என்ன பண்ணும்?

உன் புலம்பலைக் கேட்டு கிருஷ்ணகிரி மாமன் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. 1905-ல திருப்பத்தூர்ல இருந்து அவங்க ஊருக்கு ஒரு குட்டி ரயிலு ஓடிச்சு. வெள்ளைக்காரன் காலத்துலயே நிறுத்தி, தண்டவாளத்தையும் பேத்து எடுத்தாச்சு. இன்னிக்கு மாவட்டத் தலைநகரு, சுத்தி சிப்காட்டு, மாம்பழக் கூழு லோடு லோடா போகுது, ரயில்வே ஸ்டேஷன் மட்டும் கிடையாது. நீ மாறறதுக்கு அழறே, அவருக்கு ஏறறதுக்கே ரயிலு இல்ல.

ஒண்ணு பண்ணு. ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட "மெட்ரோ எப்ப வரும்"னு கேக்காதே. அதுக்கு ரெண்டு பக்கமும் பதிலை இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருக்காங்க. "சென்னையில போட்ட ஒத்தை டிக்கெட்டை எங்க அத்திப்பள்ளி பஸ்ஸுக்கும் மஞ்சள் லைனுக்கும் எப்ப போடுவீங்க"ன்னு கேளு. அதுக்கு வோல்ட்டு கணக்கு சொல்ல முடியாது. பதில் வர்ற வரைக்கும் ஜேப்புல சில்லறை வச்சுக்கோ, அந்தக் கண்டக்டரையும் நிம்மதியா விடு.