கச்சா பில் செல்லாத ஊரிலிருந்து

கோவென்ட்ரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அங்கே உங்கள் முட்டுவலி, சித்தியின் பிரஷர், கடை இருக்கும் சாலைக் கம்போளத்து டிராஃபிக் மூன்றும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் சித்தி போனைப் பிடுங்கி, "கார் வாங்கினியாமே, என்ன கலரு?" என்றாள். கலர் இன்னும் வரவில்லை. காரே இன்னும் வரவில்லை. வந்திருப்பது இரும்புக் குழாயில் ஒரு சேஸும், ஒரு லோடு அட்டைப்பெட்டியும்தான். ஆனால் இன்சூரன்ஸ் போட்டாயிற்று. "ஓடாத வண்டிக்கு எதுக்குடா இன்சூரன்ஸ்?" என்று நீங்கள் கேட்டது நியாயம். விவரமாகவே எழுதுகிறேன்.

இதற்கு இங்கே கிட் கார் என்று பெயர். கம்பெனி பாகங்களைத் தரும். நாம் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். 1957-ல் காலின் சாப்மன் என்பவர் லோட்டஸ் செவன் என்று ஒரு குட்டிக் காரை விட்டார். முழுக் காராக வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு. பாகமாக வாங்கினால் கிடையாது. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கூடவே கொடுத்தால் வரிக்காரன் விடமாட்டான். அதனால் காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கினவன் அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது. நம் சாலைக் கம்போளத்தில் கடை போட்டிருக்க வேண்டிய மூளை! 1973-ல் வாட் வந்து அந்தச் சலுகை போயிற்று. அதே வருஷம் லோட்டஸ் அந்தக் காரின் உரிமையை கேட்டர்ஹாம் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. சலுகை போனாலும் ஜனங்களுக்குப் பைத்தியம் போகவில்லை. என்னுடையது அதே சாயலில் ஒரு சின்னக் கம்பெனி போட்ட கிட். எஞ்சினும் கியர் பாக்ஸும் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றிலிருந்து கழற்றியவை.

இனி இன்சூரன்ஸ். கம்ப்யூட்டரில் போடலாம் என்று உட்கார்ந்தால், வண்டி நம்பரைக் கொடு என்றது. நம்பர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே விடமாட்டேன் என்கிறது. நல்ல வேளையாக இந்தப் பைத்தியத்துக்கென்றே தனி புரோக்கர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மாள் தங்கமானவள்.

"வண்டி எந்த வருஷத்தது?"

"இன்னும் பிறக்கவில்லை."

"எத்தனை மைல் ஓடியிருக்கிறது?"

"வாசலிலிருந்து கராஜ் வரை. ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தோம்."

"ராத்திரி எங்கே நிற்கும்?"

"பாதி கராஜில். மீதி சாப்பாட்டு மேஜைக்கு அடியில்."

அவள் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கராஜுக்குள்ளேயே வைக்க முடியுமா என்று கேட்டாள். பாலிசி கராஜுக்குத்தானாம், மேஜைக்குச் செல்லாதாம். இதைக் கேட்டதும் உங்கள் மருமகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிமேல் வந்த மரியாதை என்மேல் ஒருநாளும் வந்ததில்லை. அன்று சாயங்காலமே ரேடியேட்டர் மேஜையடியை விட்டுக் கிளம்பியது.

வீட்டுச் சாமானுக்கு எடுத்த பாலிசி போதாதா என்றுதானே கேட்பீர்கள்? எடுத்துப் பார்த்தேன். மோட்டார் வண்டியும் அதன் பாகங்களும் இதில் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஆக இவர்கள் இன்சூர் செய்வது உண்மையில் காரை இல்லை. உங்கள் குடோன் சரக்கு மாதிரிதான் இது: தீப்பிடித்தால், திருடு போனால், ஜாக்கி நழுவி எஞ்சின் தரையில் விழுந்தால் பணம். ரோட்டில் இறங்காத வண்டி யாரையும் இடிக்காது, அதனால் தேர்ட் பார்ட்டி இப்போது கிடையாது. நான் கோணலாகப் பூட்டியதற்கும் கிடையாது. பெயின்ட் அடிக்க வெளியே அனுப்பினால் முன்கூட்டியே சொல்லிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாகமாக வாங்க வாங்க, மதிப்பைக் கூட்டச் சொல்லி எழுதவும் வேண்டும். எழுதாமல் விட்டால், எரியும்போது முழுக் கார் எரியும். பணம் மட்டும் வெறும் சேஸுக்கு வரும்.

சித்தப்பா, இதில்தான் உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்குச் சோதனை. உங்கள் கடையில் நான் நின்ற காலமெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கூட்டிப் போட்ட துண்டுச் சீட்டான கச்சா பில்தான். முழு பில்லை வாங்கினவனும் கேட்கமாட்டான், நீங்களும் கொடுக்கமாட்டீர்கள். இங்கே ஒரு வாஷருக்குக்கூட ரசீது வேண்டும். இன்சூரன்ஸ்காரன் கேட்கிறான், பிறகு வண்டியைப் பரிசோதிக்கிறவன் கேட்பான், அதன் பிறகு ஸ்வான்சீயில் இருக்கும் டி.வி.எல்.ஏ. என்கிற இவர்களுடைய ஆர்.டி. ஆபீஸ் கேட்கும். நான்தான் கட்டினேன் என்பதற்குப் போட்டோவும் வேண்டும். ஆகவே ஒரு நட்டை முறுக்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு போட்டோ, ஃபைலில் ஒரு ரசீது. கராஜில் காரைவிட ஃபைல்தான் வேகமாக வளர்கிறது.

கட்டி முடித்த பிறகு ஐ.வி.ஏ. என்று ஒரு பரீட்சை. 2009 முதல் இதுதான் நடைமுறை. ஆள்மேல் படக்கூடிய விளிம்பு எதுவும் கூராக இருக்கக் கூடாது, குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். 100 மி.மீ. குறுக்களவுள்ள உருண்டை ஒன்று வெளிப்பக்கம் எங்கெல்லாம் தொடுமோ அங்கெல்லாம் இந்த விதி. அதனால் போல்ட் தலைக்கெல்லாம் பிளாஸ்டிக் குல்லாய் போடுகிறோம். அந்தப் பரீட்சைக்கு, முன்பதிவு செய்த நாளில், நம்பர் பிளேட் இல்லாமலே ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு ரோடு இன்சூரன்ஸ் வேண்டும். அதை சேஸ் நம்பரை வைத்துப் போடுவார்கள். நவராத்திரிக்கு நம் ஆரியசாலை அம்மன் கோயிலுக்கு வெள்ளிக் குதிரையில் வரும் வேளிமலைக் குமாரசுவாமி இந்த ஊர்ப் பக்கம் எழுந்தருளினால், குதிரைக்கு சேஸ் நம்பர் எங்கே குத்தியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள்.

பரீட்சையில் தேறினால் டி.வி.எல்.ஏ. நம்பர் தரும். வண்டியின் வயதை நிரூபிக்க முடியாவிட்டால் க்யூ எழுத்தில் தொடங்கும் நம்பர். அது மாட்டிய வண்டியைப் பார்த்தால் ஜாதகம் தொலைந்த மாப்பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களைப் போல முழு இன்சூரன்ஸ்.

தம்பி கரமனையில் பழைய மாருதி 800 ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், மேல்பாகத்தை வெட்டிவிட்டு இதே மாதிரி செய்யப் போவதாகவும் எழுதியிருந்தான். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நம் ஊரில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதுவும் நம் கேரளத்திலிருந்து போன வழக்கில். புதிதாக வண்டி செய்கிற கம்பெனியானால் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இடத்தில் மாதிரி வண்டியைக் கொடுத்துத் தேற வேண்டும். ஆசைக்கு ஒரே ஒரு வண்டி செய்கிறவனுக்கு இங்கே இருப்பது போல ஒரு வழி அங்கே இல்லை. கைக்காரியம்தான் வேண்டுமென்றால் கடையில் ஸ்டாக் எடுக்கச் சொல்லுங்கள். ரொம்ப நாளாக யாரும் எடுக்கவில்லை.

கடைசியாக ஒரு காரியம். போன தடவை ஊரிலிருந்து வந்த நண்பர் கையில் நீங்கள் கொடுத்துவிட்ட ஸ்டீல் போல்ட், நட், வாஷர் எல்லாம் நல்ல உருப்படி. அவற்றையும் லிஸ்டில் சேர்த்திருக்கிறேன். பில் கேட்டார்கள். உங்கள் துண்டுச் சீட்டையே ஸ்கேன் செய்து அனுப்பினேன். அந்தப் பக்கம் 'போல்ட் வகை' என்றும், இந்தப் பக்கம் சஷ்டி, கார்த்திகை விரதம் என்றும் இருந்தது. அந்த அம்மாள் மரியாதையாக, இதில் எது விலை என்று கேட்டிருக்கிறாள். ஆகவே கடை சீல், ஜி.எஸ்.டி. நம்பர், சரக்குக்குத் தனித்தனி விலை எல்லாம் போட்டு ஒரு முழு பில் அனுப்பி வையுங்கள். ஜி.எஸ்.டி.யை நானே கொடுத்துவிடுகிறேன். பில் புக் எங்கே இருக்கிறதென்று சித்தியைக் கேளுங்கள். அவள் அதில்தான் பால் கணக்கு எழுதுகிறாள்.

சித்திக்கும் தம்பிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்