85-க்கு மேல் வேகம் கிடையாது

பெறுநர்:
தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்,
வாஷிங்டன் டி.சி.

பொருள்: பழைய மோட்டார் சைக்கிள்களில் 85 மைல் ஸ்பீடோமீட்டரைக் கழற்றிவிட்டு வேறு மீட்டர் மாட்டுவது – தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வாகனப் பாதுகாப்புத் தர விதி எண் 127 (1982-இல் ரத்தானது, வண்டிகளில் இன்னும் அமலில் உள்ளது).

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். செத்துப்போன விதிக்கு இப்போது எதற்கு மனு என்று கேட்பீர்கள். விதிதான் செத்தது, டயல் சாகவில்லை. 1979 செப்டம்பரிலிருந்து நீங்கள் போட வைத்த ஸ்பீடோமீட்டர்கள் அமெரிக்காவின் எத்தனையோ கராஜ்களில் இன்றும் 85-ஓடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். வேகத்தைக் குறைக்கப் போலீஸ் வேண்டும், ரேடார் வேண்டும், அபராதம் வேண்டும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், எண்ணை அழித்தால் போதும் என்று கண்டுபிடித்தவர்கள் நீங்கள். டயலில் 85 மைலுக்கு மேல் எண்ணே இருக்கக் கூடாது. 55 மட்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும். பெரிய எண்ணைப் பார்த்தால்தானே இளவட்டங்களுக்கு அதைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வரும் என்பது, ஜோன் கிளேபுரூக் அம்மையார் நிர்வாகியாக இருந்த அந்த நாளில் உங்கள் தரப்பு வாதம். மருத்துவத் துறை இதைக் கவனிக்காமல் விட்டதுதான் எனக்கு வருத்தம். பி.பி. பார்க்கும் கருவியில் 140-க்கு மேல் எண் இல்லாமல் செய்துவிட்டால், ஒரே ராத்திரியில் நாட்டில் ரத்தக் கொதிப்பு ஒழிந்துபோகும்.

55-க்கு ஏன் அந்த மரியாதை என்பதும் தெரியும். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடின. 1974 ஜனவரி 2-ஆம் தேதி அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட, நாடு முழுக்க 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர், உச்ச வேகமானது. மொன்டானா மாநிலம் இந்தச் சட்டத்துக்குக் காட்டிய பயபக்தியும் ஊரறிந்தது: பகலில் 55-ஐத் தாண்டிப் பிடிபட்டால் ஐந்து டாலர். அதுவும் வேகமாகப் போனதற்கு இல்லை, எரிபொருளை வீணாக்கியதற்கு. இப்படிப்பட்ட ஊரில் ஓட்டுகிறவனை டயலை வைத்து மிரட்டலாம் என்று நினைத்தீர்களே, அந்த நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹோண்டா சி.பி.எக்ஸ். என்று ஒரு வண்டி. ஆறு சிலிண்டர், 24 வால்வு, 1047 சி.சி. முறுக்கினால் 130 மைலைத் தாண்டும். அதன் 1980 அமெரிக்க மாடலுக்கு உங்கள் புண்ணியத்தில் 85 மைல் டயல். 85-லிருந்து 130 வரை மீட்டருக்கு அபிப்பிராயம் ஏதும் கிடையாது. பக்கத்திலேயே இன்ஜின் சுற்றுகளைக் காட்டும் டேக்கோமீட்டர் ஆயிரக்கணக்கில் எண் போட்டுக்கொண்டு ஆனந்தமாக இருக்கிறது. அதன் மேல் உங்கள் கண் படவில்லை. கணக்குத் தெரிந்தவன் டாப் கியரில் அதைப் பார்த்தே வேகத்தைச் சொல்லிவிடுவான். கணக்குத் தெரியாதவன், தாடைக்குக் கீழே ஹெல்மெட் வார் எவ்வளவு படபடக்கிறது என்பதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 60-இல் போகிற சாதுவுக்கு உங்கள் விதியால் ஒரு நஷ்டமும் இல்லை. 110-இல் போகிறவனுக்குத்தான், ‘அடப்பாவி, 110-ஆ?’ என்று வயிற்றைக் கலக்க அந்த எண் அவசரமாகத் தேவை. அவனிடமிருந்து மட்டும் அதைப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறீர்கள்.

பாதுகாப்புக்குப் பெரிதாகப் பலன் தெரியவில்லை என்று 1982-இல் நீங்களே வாபஸ் வாங்கினீர்கள். ஆனாலும் தத்துவம் வீண்போகவில்லை. 1999-இல் சுசுகி ஹயபூசா மோட்டார் சைக்கிள் 350 கிலோமீட்டர் வரை எண் போட்ட டயலோடு வந்தது. ஐரோப்பாவில் எங்கே தடை விழுமோ என்ற பயத்தில், 300-ஐத் தொடுவதில்லை என்று கம்பெனிகள் தங்களுக்குள் பேசி முடித்தன. அடுத்த ஓரிரு வருடங்களில் ஹயபூசா டயலின் கடைசிப் பகுதியில் எண்கள் மாயமாயின. ராயல்டி கேட்டிருக்கலாம் நீங்கள்.

85 டயலை வைத்துக்கொண்டு கராஜில் மனிதர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மீட்டரைச் சுற்றி மடித்து நெருக்கிய தகர வளையத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி நெம்பித் தூக்குகிறார்கள். அவசரப்பட்டால் வளையம் நசுங்கும், கண்ணாடி விரியும். முள்ளைத் தடுக்கும் சின்ன ஆணியைத் தாண்டவிட்டு, முள் தானாக எங்கே போய் நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, இரண்டு டீஸ்பூனை எதிரெதிரே கொடுத்து அதைக் கிளப்புகிறார்கள். உள்ளே இருப்பது 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடு: முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும், அதைத் தொடாமலே கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் பின்னாலேயே திரும்பப் பார்க்கும், ஹேர் ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடிக்கும். இந்த மூன்றுக்கும் விதி 127 பற்றி ஒன்றும் தெரியாது. பிறகு கடையில் வாங்கிய 150 மைல் முகத்தை ஒட்டி, முள்ளைத் திரும்பக் குத்திவிட்டு வண்டியை எடுக்கிறார்கள்.

அங்கேதான் வேடிக்கை. ஸ்பிரிங் இன்னும் பழைய 85 கணக்கில்தான் இழுக்கிறது. 85 மைல் இருந்த அதே வளைவில் இப்போது 150 மைலை நெருக்கி எழுதியிருக்கிறது. ஆகவே வண்டி நிஜமாக 50 மைலில் போனால், முள் 88-ஐக் காட்டும்! ஐம்பத்தைந்துக்குள் ஒழுங்காகப் போய்க்கொண்டே எண்பத்தெட்டு மைல் சந்தோஷத்தை அனுபவிக்கலாம். உங்கள் அலுவலகம் 1979-இல் கட்டாயமாக்கியிருக்க வேண்டியது இந்த டயலைத்தான். ஆசையும் தீரும், பெட்ரோலும் மிஞ்சும்.

88 என்றதும் ஒரு கிளைக்கதை. 1985-இல் வந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் டிலோரியன் கார் 88 மைலைத் தொட்டால்தான் காலம் விட்டுக் காலம் பாயும். 1981-இல் வெளிவந்த நிஜ டிலோரியனுக்கோ உங்கள் 85 மைல் டயல். படக்குழு 95 வரை எண் போட்ட வேறு டயல் வைத்துத்தான் படம் எடுத்தது. கால எந்திரத்தைக்கூட மூன்று மைல் முன்னால் தடுத்து நிறுத்திய அரசாங்க அலுவலகம் உலகத்தில் வேறு உண்டா?

போகட்டும். ஒட்டு வேலை வேண்டாம், நேர்மையாகச் செய்வோம் என்கிறவர்கள் அதே வண்டியின் ஐரோப்பிய மீட்டரை முழுசாக வாங்கி மாட்டுகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் கடைப்பிடிக்கும் ஐ.நா. ஒழுங்குவிதி 39, மீட்டர் ஒருபோதும் வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டினால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. மோட்டார் சைக்கிளுக்குப் பத்து சதவீதமும் அதற்கு மேல் 8 கிலோமீட்டரும் சலுகை. நிஜமான 100-ஐ 118 என்று சொல்லலாம். சட்டமே அனுமதிக்கும் பெருமை, யாருக்குக் கசக்கும்?

ஆனால் ஸ்பீடோமீட்டருக்குள்ளேயே, ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டரும் குடியிருக்கிறது. அதைத் தொட்டால் 1972-இன் சட்டம் பாய்ந்துவிடும். பழைய வண்டியைப் புதுசு என்று தலையில் கட்டுகிறவர்களைத் தடுக்க வந்த நல்ல சட்டம், அதில் எனக்குச் சண்டை இல்லை. மாற்றும் மீட்டரும் பழைய மைல் கணக்கையே காட்ட வேண்டும். முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, பழைய கணக்கையும் மாற்றிய தேதியையும் எழுதி வாகனத்தின் இடதுபுறக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்கிறது அது. வந்த மீட்டரோ கிலோமீட்டரில் எண்ணுகிறது, அதுவும் யாரோ ஓட்டிய கணக்கை. பூஜ்யத்துக்குத் திருப்பியாயிற்று. காகிதமும் எழுதியாயிற்று. பசையும் கையில் தயார்.

கதவு எங்கே?

பெட்ரோல் டேங்கில் ஒட்டினால் டேங்க் கதவாகாது. சீட்டுக்கு அடியில் ஒட்டினால் அது சட்டம்தான், ஆனால் கதவுச் சட்டம் இல்லை. சைடுகார் மாட்டலாமே என்றார் ஒருவர். சில சைடுகாருக்குக் கதவும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் சைடுகார் வண்டியின் வலப்பக்கத்தில் அல்லவா வரும்? வலதுபுறக் கதவைச் சட்டம் ஏற்குமா என்று கேட்டேன், அவரிடம் பதில் இல்லை. மோட்டார் சைக்கிளும் வாகனம்தான் என்று எழுதிவைத்த நீங்கள்தான் இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.

ஆகவே, 1980 மாடல் ஹோண்டா சி.பி.எக்ஸ். வண்டிக்குப் பொருந்தும் இடதுபுறக் கதவு ஒன்றை, சட்டத்தோடு சேர்த்து, அரசு செலவில் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காகிதம் ஒட்ட எண்ணெய் படியாத இடம் நாலு விரற்கடை இருந்தால் போதும். ஜன்னல் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய வண்டிக்காரர்கள் சார்பில் ஒருவன்

இணைப்பு: கழற்றிய 85 மைல் டயல் – 1. (55 இன்னும் பளிச்சென்று இருக்கிறது.)