யானை முன்னே, மணியோசை பின்னே

கெமிக்கல் கம்பெனிகளில் எஸ்.டி.எஸ். என்று ஒரு சமாச்சாரம் உண்டு. சேஃப்டி டேட்டா ஷீட். டிரம்முக்குள் இருப்பது என்ன, கண்ணில் பட்டால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எதைக் கொண்டு அணைப்பது என்றெல்லாம் 16 பிரிவுகளில் சொல்லும் தாள். அமெரிக்கச் சட்டப்படி முதல் சரக்கு போகும்போது இதுவும் போயாக வேண்டும். தாளைத் திருத்தினால், அதற்குப் பிறகு போகும் முதல் சரக்கோடு மறுபடியும் போக வேண்டும். கேட்க ரொம்ப சுலபம். ஆனால் கப்பல் என்றைக்குச் சொன்ன தேதியில் கிளம்பியிருக்கிறது?

தேதி முன்னால் வந்துவிட்டால் டிரம் கடலில் மிதக்கும், தாள் யாரோ ஒரு மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும். தேதி தள்ளிப்போனால் தாள் முன்னதாகவே போய், வாங்குபவரின் இன்பாக்ஸில் புதைந்து கிடக்கும். அதற்குள் இங்கே புதிதாக ஓர் ஆபத்தைக் கண்டுபிடித்து ஷீட்டைத் திருத்தியிருப்பார்கள். சரக்கு போய்ச் சேரும்போது அங்கே இருப்பது பழைய புராணம்.

'ஒரு பேப்பருக்கா இத்தனை அலட்டல்?' என்கிறீர்களா? வாருங்கள், இந்தப் பேப்பரே இல்லாத காலத்துக்குப் போய் வரலாம். வழியில் எதையும் தட்டிவிடாதீர்கள்.

1847. இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியல் பேராசிரியர், கிளிசரினையும் அமிலங்களையும் சேர்த்து எண்ணெய் மாதிரி ஒன்றைத் தயாரித்தார். சூடாக்கினால் வெடிக்கிற எண்ணெய். நீங்களும் நானுமாக இருந்தால் தெருக்கோடி வரை ஓடியிருப்போம். அவர் நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார்த்தார்! மண்டையைப் பிளக்கும் தலைவலி. இது பொல்லாதது, ஜாக்கிரதை என்று எச்சரிக்கவும் செய்தார். ஆக, நைட்ரோகிளிசரினின் முதல் எஸ்.டி.எஸ். ஒரு புரொஃபஸரின் நாக்கில் தயாரானது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கேட்டும் அசராதவர் ஒருவர் இருந்தார்: ஆல்ஃபிரட் நோபெல். ஆமாம், பரிசுக்காரர்தான். 1864-ல் ஸ்டாக்ஹோமில் அவருடைய நைட்ரோகிளிசரின் தொழிற்கூடம் வெடித்தது. தம்பி எமிலும் இறந்துபோனார். ஊருக்குள் இனி இந்த வேலை கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மனிதர் ஏரியில் ஒரு படகை நிறுத்தி அதற்குள் உற்பத்தியைத் தொடர்ந்தார். ஊருக்குள் கூடாது என்றார்களே தவிர, தண்ணீரில் கூடாது என்று சொன்னார்களா?

சுரங்கக்காரர்களுக்கும் ரயில்பாதை போடுகிறவர்களுக்கும் நோபெலின் 'வெடி எண்ணெய்' தேவாமிர்தம். ஆர்டர் குவிந்தது. சரக்கு கப்பல் ஏறியது. கூட ஏற வேண்டிய விவரம் மட்டும் ஏறவில்லை.

1865 நவம்பரில் நியூயார்க்கின் வயோமிங் ஹோட்டலில் நடந்ததைப் பாருங்கள். அங்கே தங்கிய ஜெர்மன் விற்பனையாளர் ஒருவர் ஒரு மரப்பெட்டியை விட்டுப் போயிருந்தார். ஹோட்டல் சிப்பந்திகள் நல்லவர்கள், எதையும் வீணாக்க மாட்டார்கள். விருந்தினர்களை அதன்மேல் காலை வைக்கச் சொல்லி ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்கள். ஒருநாள் பெட்டியிலிருந்து செம்புகை வந்தது. என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும்? தூக்கித் தெருவில் போட்டார்கள். பெட்டி வெடித்து, தெருவில் பள்ளம் விழுந்து, சுற்றுவட்டாரத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் போயிற்று. பலருக்குக் காயம், நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதுவரை நைட்ரோகிளிசரின்மேல் நின்றுகொண்டு பளபளப்பான ஷூவைப் பெருமையாகப் பார்த்த கனவான்கள் எத்தனை பேரோ!

அதிர்ஷ்டம் அதோடு தீர்ந்தது. 1866 ஏப்ரல் 3. பனாமாவின் ஆஸ்பின்வால் துறைமுகத்தில் 'யூரோப்பியன்' என்ற கப்பல் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கலிஃபோர்னியாவுக்குப் போகவேண்டிய வெடி எண்ணெய் அதில் இருந்தது. அப்போது பனாமாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தந்தி இணைப்பு கிடையாது. 'சரக்கு ஆபத்தானது' என்ற செய்தியும் இன்னொரு கப்பல் ஏறித்தான் வர வேண்டும்!

ஏப்ரல் 16. சான் ஃபிரான்சிஸ்கோவில் வெல்ஸ் ஃபார்கோ என்ற பார்சல் கம்பெனியின் அலுவலகம். நியூயார்க்கிலிருந்து வந்த பெட்டி ஒன்று ஒழுகியது. பார்த்தால் சமையல் எண்ணெய் மாதிரி இருந்தது. டேமேஜ் யார் பொறுப்பு என்று தீர்மானிக்க வேண்டாமா? கப்பல் கம்பெனியின் பிரதிநிதியையும் வரவழைத்து, முறைப்படி பெட்டியைத் திறக்க முற்பட்டார்கள். எதைக் கொண்டு? உளியும் மரச்சுத்தியலும். உள்ளே இருந்த நைட்ரோகிளிசரின் வெடித்து ஏறத்தாழ 15 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் ரூல்படிதான் நடந்திருந்தார்கள்.

கட்டட உரிமையாளர் பேரட் கேஸ் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1872-ல் தீர்ப்பானது. பெட்டிக்குள் என்ன என்று யாரும் சொல்லவில்லை. வெளித்தோற்றத்தில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆகவே வெல்ஸ் ஃபார்கோ கம்பெனியின்மேல் கவனக்குறைவு என்ற குற்றமில்லை என்றார்கள் நீதிபதிகள். வாடகைக்கு எடுத்த பகுதிக்கு மட்டும்தான் கம்பெனி பொறுப்பு. எனக்கு இந்தத் தீர்ப்பின்மேல் கோபம் வரவில்லை. கூலிக்கு மூட்டை சுமப்பவன் ஒவ்வொன்றையும் பிரித்தா பார்ப்பான்? உள்ளே இருப்பது தெரிந்தவன் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

தெரிந்தவர் எங்கே போனார்? அந்த 1866 ஏப்ரல் நடுவில்தான் நோபெல் நியூயார்க்கில் வந்து இறங்கினார். டைமிங் என்றால் இதுவல்லவோ டைமிங்! வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மனிதர் அசரவில்லை. ஒரு கல்குவாரிக்கு ஆட்களை அழைத்து, எண்ணெயைச் சுத்தியலால் அடித்துக் காட்டி, 'பார்த்தீர்களா, முறையாகக் கையாண்டால் சாது' என்று டெமோ கொடுத்தார். அவர் அமெரிக்காவில் இப்படிச் சத்தியம் செய்துகொண்டிருந்த நாட்களிலேயே ஹாம்பர்க் பக்கத்தில் இருந்த அவருடைய சொந்தத் தொழிற்சாலை வெடித்தது. எண்ணெய்க்கு டெமோ பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஜூலையில் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது: உலோகக் கலத்தில் அடைக்க வேண்டும், பெட்டியின்மேல் பொருளின் பெயரும் ஆபத்து என்ற சொல்லும் இருக்க வேண்டும். இன்றைய 16 பிரிவுகளின் கொள்ளுத்தாத்தா இது என்றால் தப்பில்லை. நியூயார்க் வெடிக்கு எட்டு மாதம் கழித்து, சான் ஃபிரான்சிஸ்கோ வெடிக்குச் சுமார் இரண்டரை மாதம் கழித்து! தாள் அன்றைக்கே லேட்.

நோபெலுக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி. டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? நைட்ரோகிளிசரின். கேட்டால் மருந்துக்கடைக்காரரும் பொதுஜனமும் பயப்படுவார்களாம். அதனால் 'ட்ரைநைட்ரின்' என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். 1896-ல் நோபெலே ஒரு கடிதத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். பெட்டியின்மேல் உண்மைப் பெயரை எழுது என்று காங்கிரஸ் சட்டம் போட்டு அப்போது முப்பது வருஷம் ஆகியிருந்தது.